லேப் விளம்பரம் வேண்டாம் என்றால் தளத்துக்கு யார் காசு கொடுப்பது?

திருமங்கலம் மாத்திரைக்காரர்:

எல்லோருக்கும் வணக்கம். அரசு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் 31 வருடம் மாத்திரை எடுத்துக் கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்பவர் "இது சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?" என்று கேட்டு முடிப்பதற்குள் பின்னால் நிற்பவர் தன் சீட்டை நீட்டிவிடுவார். அப்படிச் சொல்லாமல் போன பதில்களை எழுதி வைக்கலாம் என்றுதான் நான்கு வருடத்துக்கு முன் அக்கா மகளோடு சேர்ந்து ஒரு தளம் தொடங்கினேன். சர்க்கரை, பிரஷர், நாய்க்கடி, பாம்புக்கடி, பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து எத்தனை மில்லி என்று இதுவரை 140 கட்டுரைகள். ஒவ்வொன்றையும் இரண்டு டாக்டர்கள் படித்துத் திருத்திய பிறகுதான் ஏற்றுவோம். அவர்கள் காசு வாங்குவதில்லை. படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்காகக் குரலிலும் பதிவு செய்து போடுகிறோம்.

செலவு முழுக்க என் பென்ஷனில் போகிறது. வருடக் கணக்கு இது: டொமைன் (தளத்தின் பெயருக்கு) 1,200, ஹோஸ்டிங் (தளத்தை வைத்திருக்கும் சர்வர் வாடகை) 10,800, படம் வரைகிற தம்பிக்கு 18,000, ஒலிப்பதிவுக்கு 24,000, நெட், போன் 8,400. மொத்தம் 62,400 ரூபாய்.

போன மாதம் நாய்க்கடிக் கட்டுரை வாட்ஸாப்பில் சுற்றியதில் தளம் இரண்டு நாள் படுத்துவிட்டது. அதில் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. கடித்த இடத்தில் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள், மிளகாய்ப்பொடியும் சுண்ணாம்பும் வைக்காதீர்கள், அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போடுங்கள். அவ்வளவுதான். ஆனாலும் கூட்டம் வந்தது, ஹோஸ்டிங்கைப் பெரிதாக்க வேண்டியிருக்கிறது.

அந்தக் கூட்டத்தைப் பார்த்துத்தான் மதுரையில் ஒரு பரிசோதனைக் கூடத்திலிருந்து ஆள் வந்தார். மாதம் 15,000 தருகிறார்களாம். எல்லாப் பக்கத்திலும் அவர்களுடைய "ஃபுல் பாடி செக்கப்" படம் வர வேண்டும். அப்புறம் மெதுவாக இன்னொன்று சொன்னார். "யாருக்கு எந்த டெஸ்ட் தேவை" என்று ஒரு கட்டுரை வைத்திருக்கிறோம். தொந்தரவு எதுவும் இல்லாதவர்கள் புற்றுநோய் அறிகுறியை ரத்தத்தில் தேடும் மார்க்கர் டெஸ்டுக்குக் காசைக் கொட்ட வேண்டாம், பிரஷரும் சர்க்கரையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம் என்று அதில் இருக்கிறது. எடுத்துவிடுங்கள் என்று அவர் சொல்லவில்லை. "கொஞ்சம் பாசிட்டிவாக மாற்றி எழுதுங்கள் சார்" என்றார்.

வருடத்துக்கு 1,80,000. என் செலவைப் போல மூன்று மடங்கு கிட்ட வருகிறது. வேண்டாம் என்று சொல்லத்தான் மனசு சொல்கிறது. ஆனால் வேறு வழி என்ன? வாசகர்களிடமே கேட்கலாமா? கேட்டால் தருவார்களா?

கோரிப்பாளையம் 72:

அண்ணே, வாங்கிப் போடுங்கள். விளம்பரம் வேறு, கட்டுரை வேறு. பேப்பர்காரன் விளம்பரம் வாங்காமலா நடத்துகிறான்? இந்தக் காசில் இன்னும் நூறு கட்டுரை எழுதலாம்.

வாடிப்பட்டி வலைஞன்:

@கோரிப்பாளையம் 72: விளம்பரம் வேறு, கட்டுரை வேறு என்று நானும் நம்பினேன். 2018 பிப்ரவரியில் கூகுள் ஆட்சென்ஸ் (நம் தளத்தில் கூகுளே விளம்பரம் போட்டுக் காசு தரும் ஏற்பாடு) தமிழுக்கு வந்ததும் என் தளத்தில் முதல் வேலையாகப் போட்டேன். என்னுடையது விவசாயம், சமையல், பாட்டி வைத்தியம் எல்லாம் கலந்த தளம். ஒரு க்ளிக்குக்குச் சில பைசா. 100 டாலர் சேர்ந்தால்தான் அனுப்புவார்கள், எனக்கு அது சேரப் பதினான்கு மாதம் ஆனது.

காசு கம்மி என்பதுகூடப் பரவாயில்லை. "இன்சுலினை நீங்களாக நிறுத்தாதீர்கள்" என்று ஒரு பதிவு போட்டிருந்தேன். என் சித்தி அதைப் படித்துவிட்டு போன் செய்தார்: "நீ நிறுத்தாதே என்கிறாய், கீழேயே ஏழு நாளில் சர்க்கரை போய்விடும் என்று ஒரு பொடி போட்டிருக்கிறாயே, எதை நம்புவது?" சர்க்கரையைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யவே கூடாது என்று 1954ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. மருந்து, மாய மருத்துவ ஆட்சேபகர விளம்பரச் சட்டம். அதன் பட்டியலில் சர்க்கரை மட்டுமில்லை, கண்புரை, சிறுநீரகக் கல் எல்லாம் இருக்கின்றன. சட்டம் இருந்து என்ன? ஒரு வகை விளம்பரத்தை நான் தடுத்தால் வேறு பெயரில் இன்னொன்று வரும். அன்றைக்குக் கழற்றியதுதான்.

சித்திக்கு என் எழுத்தும் அந்தப் பொடியும் ஒன்றுதான். இரண்டும் என் வாசலில்தானே தொங்கின?

ஊர்க்குருவி:

இதெல்லாம் சும்மா. இலவசமாகக் கிடைப்பதற்கு எவன் காசு கொடுப்பான்? யூடியூப்பில் போட்டால் வேலை முடிந்தது. பென்ஷன் வாங்குகிறவர் துண்டை விரிக்கிறார் என்றுதான் நாலு பேர் சொல்வார்கள்.

திருமங்கலம் மாத்திரைக்காரர்:

தம்பி, அந்தக் கூச்சம் இருப்பதால்தான் நான்கு வருடம் கேட்கவில்லை.

பழைய சிற்றிதழ்க்காரன்:

ஐயா, ஒரு சிற்றிதழை ஒன்பது வருடம் நடத்தி மூடியவன் என்ற தகுதியில் எழுதுகிறேன். ஊர்க்குருவி சொல்வது பாதி உண்மை. எல்லோரும் தரமாட்டார்கள். எல்லோரும் தரவும் தேவையில்லை. உங்கள் 62,400 ரூபாயை மாதம் 50 ரூபாய் என்று வகுத்துப் பார்த்தேன். வருடத்துக்கு ஒருவர் 600. அப்படியானால் உங்களுக்குத் தேவை சரியாக 104 பேர். (மருத்துவ ஆலோசனைக்கு அரசு வைத்திருக்கும் போன் நம்பரும் 104. நல்ல சகுனம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.)

ஆனால் ஒரு குழியில் மட்டும் விழுந்துவிடாதீர்கள். ஆயுள் சந்தா. நான் விழுந்தேன். இரண்டாம் வருடம் காகித விலை ஏறியது, அச்சகத்துக்குப் பாக்கி நின்றது. ஆயிரம் ரூபாய்க்கு ஆயுள் சந்தா என்று அறிவித்தேன். அறுபது பேர் கட்டினார்கள், பாக்கியை அடைத்தேன். சந்தோஷம் ஒரே மாதம்தான். அதற்குப் பிறகு வருடா வருடம் அந்த அறுபது பேருக்கும் இதழும் தபால் தலையும் என் கைக்காசு. யார் இதழை அதிகம் நேசித்தார்களோ அவர்களிடம் மறுபடி கேட்கவே முடியாதபடி நானே வாயை அடைத்துக்கொண்டேன். இதழ் நின்ற பிறகும் ஒருவர் தெப்பக்குளத்தில் பார்த்து, "ஆயுள் என்றால் உங்கள் ஆயுளா, என் ஆயுளா, இதழின் ஆயுளா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

வருடச் சந்தா வாங்குங்கள். ஒவ்வொரு வருடமும் கேளுங்கள். கேட்க நேர்வதே நல்லது, இந்த வருடம் என்ன செய்தோம் என்று நமக்கே தெரியும்.

கோரிப்பாளையம் 72:

சரி, நம்ம ஊரிலேயே ஒரு வழி இருக்கிறதே? அரவிந்த் கண் ஆஸ்பத்திரி. 1976இல் டாக்டர் வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வு பெற்ற பிறகு 11 படுக்கையோடு தொடங்கியது. கட்ட முடிந்தவர் கட்டுகிறார், முடியாதவருக்கு அதே டாக்டர் இலவசமாகச் செய்கிறார். 1992இல் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸையும் ஆரோலாப் என்று இங்கேயே செய்ய ஆரம்பித்து விலையை இறக்கினார்கள். அந்த மாதிரி கட்ட முடிந்தவனிடம் வாங்கி மற்றவருக்கு இலவசம்?

நைட் டூட்டி:

அவசர சிகிச்சைப் பிரிவு டாக்டர். தாமதமாக வருகிறேன், நேற்று முழுக்கத் தூக்கமில்லை.

அரவிந்த் உதாரணம் பாதி தூரம்தான் வரும். அங்கே கட்டுகிறவருக்கும் ஆபரேஷன் கிடைக்கிறது, கட்டாதவருக்கும் கிடைக்கிறது. அறை, ஏசி மாதிரி வசதிகளில்தான் வித்தியாசம். உங்களிடம் விற்க என்ன இருக்கிறது? கட்டுகிறவருக்கு மட்டும் பாம்புக்கடிக் கட்டுரை என்று பூட்டு போட முடியுமா? கட்டுவிரியன் கடித்தவர் ராத்திரி இரண்டு மணிக்கு ஓடிபி போட்டுக்கொண்டிருக்க முடியாது. கத்தியால் கீறி, கயிற்றால் இறுக்கிக் கட்டி, மந்திரித்துவிட்டு விடிந்தபின் கொண்டுவருகிறார்கள். அந்த நேரத்தில் அவர்கள் கையில் திறந்திருக்க வேண்டிய பக்கம் அது.

அதனால் பூட்டு கிடையாது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். தருகிறவர் தன் படிப்புக்காகத் தரவில்லை, அடுத்தவர் படிக்கத் தருகிறார். நீர்மோர்ப் பந்தல் மாதிரி. சித்திரைத் திருவிழாவில் மோர் குடிக்கிறவர் எல்லோரும் தயிர் வாங்கிக் கொடுத்தவர்களா?

லேப் பற்றி. வேண்டாம். பிரான்சில் ப்ரெஸ்கிரீர் என்று ஒரு மருத்துவ இதழ் இருக்கிறது, 1981இல் தொடங்கியது. விளம்பரமே வாங்குவதில்லை, சந்தா கட்டுகிற டாக்டர்கள், மருந்தாளுநர்கள் காசில்தான் நடக்கிறது. அங்கே மெடியேட்டர் என்று ஒரு மாத்திரை சர்க்கரைக்காரர்களுக்கு என்று வந்து, உடம்பு இளைக்கவும் எழுதிக் கொடுக்கப்பட்டது. இதய வால்வைக் கெடுக்கிறது என்று 2009இல் தான் சந்தையிலிருந்து எடுத்தார்கள். 2021இல் கம்பெனியைக் குற்றவாளி என்று கோர்ட் தீர்ப்புச் சொன்னது. அந்த மாத்திரை தேவையில்லை என்று இந்த இதழ் பல வருடம் முன்னாலிருந்தே எழுதிக்கொண்டிருந்தது. மருந்துக் கம்பெனியின் முழுப்பக்க விளம்பரம் பின்னட்டையில் இருந்திருந்தால் அதை அவ்வளவு சுலபமாக எழுதியிருப்பார்களா?

ஆனால் ஒன்று. வாசகர் காசு சுத்தமானது என்று யாரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டாம். வாசகருக்கும் பிடித்தது, பிடிக்காதது உண்டு. ஐயா, நீங்கள் சிறுநீரகக் கல் பற்றி எழுதினீர்கள் அல்லவா, "கல் பெரிதாக இருந்தால் வாழைத்தண்டுச் சாற்றை நம்பிக் காத்திருக்காதீர்கள்" என்று? எத்தனை பேர் திட்டினார்கள்?

திருமங்கலம் மாத்திரைக்காரர்:

நிறையப் பேர். "இங்கிலீஷ் மருந்துக் கைக்கூலி" என்றார்கள். ஒருவர் என் சாதியையும் கண்டுபிடித்துச் சொன்னார், அதுவும் தப்பாக.

நைட் டூட்டி:

அவர்கள் எல்லோரும் சந்தாதாரர்களாக இருந்திருந்தால்? நாளை காலை முப்பது பேர் ரத்து செய்கிறார்கள் என்று வையுங்கள். அடுத்த தடவை அந்த மாதிரிக் கட்டுரை எழுதும்போது உங்கள் பேனா ஒரு நொடி நிற்கும். லேப்காரர் "பாசிட்டிவாக" என்று வாய்விட்டுச் சொன்னார். வாசகர் சொல்லாமலே சொல்வார். அதற்கு ஒரே மருந்து, ஆறு மாதச் செலவைக் கையில் ஒதுக்கி வைத்திருப்பது. 31,200 ரூபாய். அது இருக்கும்வரை யார் கோபித்தாலும் எழுதலாம்.

வரவு செலவு:

ஆடிட்டர் ஆபீசில் இருபது வருடமாக இருக்கிறேன். நல்ல எண்ணத்தோடு தொடங்கிய பலர் எங்கள் நாற்காலியில்தான் வந்து தலையில் கை வைத்து உட்கார்வார்கள், அதனால் கொஞ்சம் கசப்பாகச் சொல்கிறேன்.

உங்கள் சொந்தக் கணக்கின் க்யூஆரைத் தளத்தில் ஒட்டி "உதவுங்கள்" என்று போடாதீர்கள். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு வருடத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பு வந்தால் அந்த 50,000ஐக் கழிக்காமல் மொத்தத் தொகையும் உங்கள் வருமானத்தில் சேர்ந்துவிடும். உங்கள் தேவை 62,400, அந்தக் கோட்டைத் தாண்டி நிற்கிறது. (நம் கல்யாணத்துக்கு வரும் மொய்க்கு மட்டும் விலக்கு உண்டு. தளத்துக்குக் கல்யாணம் செய்துவைக்க முடியாது.) சந்தா என்று வாங்கினால் அது தொழில் வரவு, செலவைக் கழித்துக் காட்டலாம். 20 லட்சம் தாண்டாதவரை ஜிஎஸ்டி பதிவும் தேவைப்படாது, அந்தக் கவலை உங்களுக்கு இந்த ஜென்மத்தில் இல்லை.

அறக்கட்டளையாகப் பதியலாம். வருமான வரிப் பதிவும் 80ஜி என்ற நன்கொடைச் சான்றும் வாங்கினால் தருகிறவருக்கு வரிச் சலுகை. ஆனால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் சலுகை கிடையாது, தருகிறவரின் பான் மாதிரி அடையாள எண் வேண்டும், வருடா வருடம் கணக்குத் தாக்கல் வேண்டும். புதிய வரி முறையில் இருப்பவருக்கு 80ஜி சலுகையே இல்லை. 50 ரூபாய் தருகிற மனிதர் வரிச் சலுகைக்காகத் தருவதில்லை. முதல் இரண்டு வருடம் சந்தாவாகவே நடத்துங்கள், 104 பேர் நிலைத்த பிறகு அறக்கட்டளையை யோசியுங்கள் என்பது என் கட்சி.

அப்புறம், மலேசியா, சிங்கப்பூர்ச் சொந்தங்கள். இந்தியப் பாஸ்போர்ட்டோடு அங்கே வேலை பார்க்கிறவர் வங்கி வழியாக அனுப்பும் சொந்தப் பணம் வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்த ஊர்க் குடியுரிமை வாங்கியவர் அறக்கட்டளைக்கு அனுப்பினால் ஆகும், மத்திய அரசு அனுமதியில்லாமல் தொடக் கூடாது. பெயரைப் பார்த்தால் இருவரும் நம்ம ஊர்தான். பாஸ்போர்ட்டைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

மேலூர் மருமகள்:

நான் படிக்கிற ஆள்தான், எழுதுவது இதுதான் முதல் தடவை. என் மாமியாருக்குச் சர்க்கரை. உங்கள் குரல் பதிவைத்தான் தினமும் கேட்பார். அதனால் தர எனக்கு இஷ்டம்.

ஆனால் மாதம் 50 என்கிறீர்களே, அது சம்பளக்காரர் கணக்கு. எங்களுக்கு நெல் அறுத்தால் காசு, இல்லாவிட்டால் இல்லை. தை, மாசியில் கேட்டால் 500 ரூபாய் சேர்த்தே தருவேன். ஆடியில் 50 கேட்டால் யோசிப்பேன்.

இன்னொன்று, தானாகவே மாதா மாதம் எடுத்துக்கொள்கிற மாதிரி செய்யாதீர்கள். பக்கத்து வீட்டு அண்ணனுக்கு ஏதோ ஆப்பில் அப்படிப் போய்க்கொண்டே இருந்தது.

வாடிப்பட்டி வலைஞன்:

அக்கா, யுபிஐ ஆட்டோபே என்றால் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வரும். நம் ஆப்பில் நாமே ரத்தும் செய்யலாம். ஆனால் உங்கள் பயம் நியாயம்தான், அந்தத் தகவலை யார் படிக்கிறார்கள்? ஆட்டோபே, வருடத்துக்கு ஒருமுறை இரண்டும் இருக்கட்டும், இரண்டாவதை மேலே வையுங்கள். யுபிஐ வழியாகக் கட்டினால் கமிஷன் பிடிப்பும் இல்லை.

பழைய சிற்றிதழ்க்காரன்:

நம் ஊரில் இதற்கு ஒரு நல்ல வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. மொய் நோட்டு. யார், எவ்வளவு என்று எல்லோர் முன்னாலும் எழுதி, சத்தமாகப் படித்து, ராத்திரியே கூட்டிக் கணக்கை முடித்துவிடுவோம். தளத்தில் ஒரு மொய் நோட்டுப் பக்கம் போடுங்கள். பெயரும் தொகையும் வரிசையாக.

மேலூர் மருமகள்:

ஐயா மன்னிக்கவும். அப்படியென்றால் நான் தரமாட்டேன்.

உங்கள் தளத்தில் சர்க்கரை மட்டுமா இருக்கிறது? வெள்ளைப்படுதல் இருக்கிறது, டிபி இருக்கிறது, குழந்தை தள்ளிப்போடுவது இருக்கிறது. என் பெயரை அங்கே பார்த்தால் இவளுக்கு என்னமோ என்று ஊர் பேசும். மொய் கல்யாணத்துக்கு வைப்பது, அதில் பெயர் தெரிந்தால் பெருமை. இது அப்படியில்லை.

பழைய சிற்றிதழ்க்காரன்:

தாயே, இது எனக்குத் தோன்றவே இல்லை. வாபஸ்.

நைட் டூட்டி:

அவர் சொல்வது சரி. ஆனால் பெயரை முழுக்க மறைத்தால் அந்த லேப்காரரே நாளைக்கு "நல்லெண்ணம் கொண்ட வாசகர்" என்று 50,000 அனுப்பலாமே? ஜெனீவாவில் ஹெல்த் ஆன் த நெட் என்று ஒரு நிறுவனம் 1996லிருந்து உடல்நலத் தளங்களுக்குச் சான்று கொடுத்துவந்தது. காசு எங்கிருந்து வருகிறது என்று வெளியே சொல், விளம்பரத்தையும் கட்டுரையையும் பிரித்துக் காட்டு என்பது அதன் எட்டு விதிகளில் இரண்டு. (2022இல் அதையே மூடிவிட்டார்கள். சான்று கொடுக்கிறவனுக்கும் சோறு வேண்டும்.) விதி நல்ல விதி.

சின்னத் தொகைக்குப் பெயர் வேண்டாம், எத்தனை பேர், மொத்தம் எவ்வளவு என்பது போதும். ஒரு அளவுக்கு மேலே போனால் பெயர் கட்டாயம். வெளியே சொல்லச் சம்மதிக்காவிட்டால் பணம் திரும்பிப் போகும்.

கோரிப்பாளையம் 72:

பெரிய தொகைக்குப் பெயர் போட்டால் அப்புறம் கோயில் டியூப் லைட் கதைதான் டாக்டர். "உபயம்" எழுதி எழுதி வெளிச்சமே வராது.

நைட் டூட்டி:

லைட் மேல் எழுத வேண்டாம். கணக்குப் பக்கத்தில், மற்ற வரிகளோடு ஒரு வரியாக, நன்றி வணக்கம் இல்லாமல். தேடிப் போகிறவருக்குத் தெரிந்தால் போதும்.

ஊர்க்குருவி:

நான் கேட்டது இன்னும் அப்படியே இருக்கிறது. 104 பேர் வருவார்களா?

திருமங்கலம் மாத்திரைக்காரர்:

நான்கு நாள் கழித்து எழுதுகிறேன். லேப்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோபப்படவில்லை, "யோசித்துவிட்டுச் சொல்லுங்கள் சார், ஆஃபர் மாதக் கடைசிவரை இருக்கும்" என்றார்.

அக்கா மகளும் நானும் உட்கார்ந்து இப்படி முடிவு செய்திருக்கிறோம். கட்டுரைகளுக்குப் பூட்டு இல்லை. வருடச் சந்தா 600, முடிந்ததைத் தரலாம், முடிந்த மாதத்தில் தரலாம். ஆயுள் சந்தா இல்லை. மருந்து, பரிசோதனை, காப்பீடு, ஆஸ்பத்திரி விற்கிறவர் யாரிடமும் வாங்குவதில்லை. 5,000 வரை பெயர் வெளியே வராது, எங்கள் ரசீதில் மட்டும் இருக்கும். அதற்கு மேல் என்றால் கணக்குப் பக்கத்தில் பெயர் வரும். ஒருவரிடம் வருடத்துக்கு 10,000க்கு மேல் வாங்குவதில்லை. மாதக் கடைசியில் வரவும் செலவும் பைசாவோடு போடுவோம். தனி வங்கிக் கணக்கு தொடங்கியாயிற்று. "வரவு செலவு" சாருக்கு நன்றி, உங்கள் ஆபீசுக்குச் செவ்வாய்க்கிழமை வருகிறேன்.

ஊர்க்குருவி தம்பிக்கு: நேற்று ராத்திரி பக்கத்தைத் திறந்தோம். இந்த நிமிடம்வரை 17 பேர், 6,350 ரூபாய். 104க்கு இன்னும் தூரம். ஹோஸ்டிங்கை மட்டும் இந்த மாதமே பெரிதாக்கலாம்.

ஒலிப்பதிவை மாதத்துக்கு நான்கிலிருந்து மூன்றாகக் குறைக்கிறேன், ஒதுக்கி வைக்கிற பணம் சேரும்வரை. அது மேலூர் அம்மாவின் மாமியாருக்குக் கஷ்டம் என்று தெரியும்.

ஊர்க்குருவி:

18 என்று மாற்றுங்கள். பெயர் வேண்டாம்.

மேலூர் மருமகள்:

ஐயா, 500 அனுப்பியிருக்கிறேன். அறுப்பு முடியவில்லை, பால் காசு. மாமியார் ஒன்று கேட்கச் சொன்னார்: சர்க்கரைக்குத் தருகிற மெட்ஃபார்மின் சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா?

திருமங்கலம் மாத்திரைக்காரர்:

வந்து சேர்ந்தது அம்மா, ரசீது அனுப்பிவிட்டேன். சாப்பாட்டோடு, இல்லாவிட்டால் சாப்பிட்ட உடனே. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், வயிறு கலக்கும். நீளமான பெரிய மாத்திரையாக இருந்தால் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள், எஸ்ஆர் அல்லது இஆர் (மெதுவாகக் கரைகிற வகை) என்று இருந்தால் உடைக்காமல், கடிக்காமல் முழுங்கச் சொல்லுங்கள்.